நோட்டு காலியா இருக்கே, மிஸ்!

திங்கட்கிழமை காலை உப்புமா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர்களின் பைக்குள்ளேயே அன்றைய பாடம் இருந்தது. ஒருத்தி பித்தளைச் சொம்பு கொண்டுவந்திருந்தாள். ஒருவன் இருமல் மருந்து பாட்டில், மூடியோடு. இன்னொருவன் வீட்டில் சொல்லாமல் எடுத்துவந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ். நீட்டுக் கழுத்து ஜூஸ் பாட்டில், தயிர் டப்பா, கொட்டாங்கச்சி. சென்னை ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. இரண்டாம் வகுப்பு. பாடம், கொள்ளளவு. பள்ளியின் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டார். குழந்தைகளின் பெயரும் இந்தக் கட்டுரையில் இல்லை.

"எதுல தண்ணி நெறைய புடிக்கும்?" என்று கேட்டார் ஆசிரியை. எல்லா விரல்களும் ஜூஸ் பாட்டிலைக் காட்டின. அதுதானே உயரம்! வாய் அகன்று குட்டையாகக் கிடந்த தயிர் டப்பாவுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. ஆசிரியை சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. வாளியை நடுவில் இழுத்துவைத்து, ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன்பிறகு நடந்ததைப் பார்த்தால் பாடம் என்று சொல்ல மாட்டார்கள். பாதித் தண்ணீர் தரையில். ஒரு பாவாடை நனைந்து பஞ்சாயத்து. ஜூஸ் பாட்டில் மூன்று டம்ளரில் நிரம்பி வழிந்தது. தயிர் டப்பா நான்காவது டம்ளரையும் வாங்கிக்கொண்டு இன்னும் இடம் வைத்திருந்தது. "பாட்டில் ஓட்டையா இருக்கு மிஸ்" என்று ஒருவன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். ஓட்டை இல்லை. மறுபடி அளந்தார்கள்; அதே கணக்கு. கடைசியில் சொம்புக்காரி, டப்பாத் தண்ணீரை அப்படியே பாட்டிலில் ஊற்றினாள். வழிந்தது. ஒரு நொடி எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

உயரமானதில்தான் அதிகம் இருக்கும் என்று ஆறேழு வயதுவரை குழந்தைகள் நம்புவதைச் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே சென்ற நூற்றாண்டிலேயே சோதித்துப் பார்த்து எழுதிவைத்தார். ஆசிரியர் கல்விப் பட்டயப் படிப்பில் எல்லாரும் அதை மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதுகிறார்கள். பாட்டிலில் குறைவு என்று வாயால் சொல்லிக்கொடுத்தால் குழந்தை திருப்பிச் சொல்லும், நம்பாது. நம்புவதற்கு அதன் கையே ஊற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு முழுப் பாடவேளை ஆகிறது. பாடவேளையின் முடிவில் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் வெள்ளிக்கிழமை பிரச்சினையாக வந்தது. அதை அப்புறம் பார்ப்போம்.

தமிழக அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு இப்படி நடப்பதற்கான இன்றைய பெயர் 'எண்ணும் எழுத்தும்'. 2022 ஜூன் 13 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் போனது. காரணம் கொரோனா. 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. எழுத்தே தெரியாத குழந்தைக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து என்ன செய்வது? அதனால் குழந்தைகளை வகுப்பால் பிரிக்காமல், எட்டியிருக்கும் படியை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். பாட்டு, கதை, பொம்மலாட்டம், கைவேலை என்று வகுப்பறையில் தனித்தனிக் களங்கள் வந்தன. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும், அதுவும் 2025-க்குள் என்று இலக்கு வைத்தார்கள். தேதி போட்ட இலக்குகள் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அறைக்குள் நடப்பது இலக்கைவிடச் சுவாரசியமானது.

செவ்வாய்க்கிழமை மணல். ஒரு தட்டில் சலித்த மணலைப் பரப்பி, ஒன்றாம் வகுப்பின் புதுமுகங்கள் விரலால் எழுதுகிறார்கள். அகர வரிசையில் தொடங்காமல், கோடு போட எளிதான ட, ப, ம என்று போகிறது. இரண்டு நாளில் 'படம்', 'பட்டம்' என்று சொல்லே வந்துவிடுகிறது. இந்த வகுப்பில் வீட்டில் உருது பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தின் இந்திக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குத் தமிழ் 'ப' எழுதச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது வயதுப் பையன். அவள் கையைப் பிடித்து இழுக்காமல், தான் ஒன்று எழுதி, அழித்து, அவளை எழுதவிடுகிறான்.

மணலும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்றுத்தருவதும் இந்த ஊரிலிருந்துதான் ஒரு காலத்தில் உலகத்துக்குப் போயின. 1789-இல் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் விடுதிக்குக் கண்காணிப்பாளராக வந்தார் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இங்குள்ள பெண்களிடம் பிறந்து, இரு பக்கமும் வேண்டாதவர்களாகிப்போன பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பெல் பார்த்தார். விடுதியில் அதைச் செய்யச் சொன்னார். சம்பள ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். அவர் ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைப் பிடித்துச் சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரச் சொன்னார். அது நடந்தது. 1797-இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். திண்ணை வாத்தியாரின் பெயர்தான் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்த நூறாண்டில் 1894: பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட், அன்று பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்காக அடையாற்றுப் பக்கம் இலவசப் பள்ளி தொடங்கினார். மனப்பாடத்தைக் குறைத்துப் பொருளைக் கையில் கொடுக்கும் கிண்டர்கார்டன் முறை அந்தப் பள்ளிகளில் கையாளப்பட்டது. 1939-இல் அதே அடையாறுக்கு, ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியின் அழைப்பில் மரியா மாண்டிசோரி வந்தார். ஓலைக் கொட்டகையில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், உடன் வந்திருந்த மகன் மாரியோவைப் பிரிட்டிஷ் அரசு எதிரி நாட்டவர் என்று காவலில் வைத்தது. தாயின் எழுபதாவது பிறந்த நாளான ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி அவரை விடுவித்தது. போர் முடியும்வரை தாயும் மகனும் ஊர் திரும்ப முடியாமல் போனதால் இந்தியாவுக்குக் கிடைத்த லாபம் பெரிது. கொடைக்கானலில் இருந்த காலத்தில்தான் ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான தம் பாடமுறையை மாண்டிசோரி விரித்தெடுத்தார்.

அவருடைய முதல் 'குழந்தைகள் இல்லம்' 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்சோவில் திறந்தது. சான் லொரென்சோ ஒரு சேரி. பெற்றோர் கூலி வேலைக்குப் போய்விட, மாடிப்படியிலும் சுவரிலும் கிறுக்கித் திரிந்த பிள்ளைகளுக்கான இடம் அது. இன்று சென்னையில் எந்தத் தெருவில் மாண்டிசோரி என்று பலகை மாட்டியிருக்கிறது, அங்கே என்ன கட்டணம் என்று வாசகர்களுக்குத் தெரியும். சேரிக்காகப் பிறந்த ஒன்று போட் கிளப் பக்கம் குடிபோனது. அது தன் வீட்டுக்குத் திரும்பி வந்தது 2003-இல்.

அந்த ஆண்டு சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். அதற்கு முன் வேலூரில் ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட சிறுவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளை அவர் நடத்த வேண்டியிருந்தது. பத்து வயதில் முதல்முறை பள்ளிக்கு வருகிற பிள்ளையை எந்த வகுப்பில் உட்காரவைப்பது? விடை ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் இருந்தது. அங்கே பத்மநாப ராவ், ராமா தம்பதி, ஒற்றை ஆசிரியர் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடப் புத்தகத்தையே சிறுசிறு அட்டைகளாகப் பிரித்துவைத்திருந்தார்கள். சென்னை மாநகராட்சியின் ஆசிரியர்கள் போய்ப் பார்த்துவந்து, தங்கள் அட்டைகளைத் தாங்களே தயாரித்தார்கள். 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அடுத்த ஆண்டே மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2007-08-இல் மாநிலம் முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கும் போனது. கற்றல் ஏணி, குழு அட்டை, குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், தன் வருகையைத் தானே பதியும் அட்டவணை. அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். இந்தப் பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவரிடம் கேட்டாலும் கம்பிப் பந்தல் ஞாபகம் இருக்கும்.

அட்டை முறைக்கும் நோய் வந்தது. அட்டை கிழிந்தால் மாற்று வராது. ஏணியில் ஏறுவதே வேலையாகி, எதற்கு ஏறுகிறோம் என்பது மறந்துபோன வகுப்புகள் உண்டு. குழந்தை அட்டையை எடுத்து, முடித்து, வைத்து, அடுத்ததை எடுக்க, ஆசிரியர் அட்டைகளின் கிடங்குக் காவலர் ஆனார். இருந்தாலும் முறை தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அநாதை விடுதி, பஞ்சமர் பள்ளி, ரோம் சேரி, வேலூரின் கொத்தடிமைச் சிறுவர்கள். கையால் கற்கும் முறை ஒவ்வொரு தடவையும் வேறு யாரும் பாடம் சொல்லித்தர முன்வராத குழந்தைகளிடம்தான் தொடங்கியிருக்கிறது. அனுதாபம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மனப்பாட முறை பள்ளியில் பாதிதான் நடக்கிறது. மீதிப் பாதி வீட்டில் நடக்கிறது. படித்த அம்மா உட்கார்ந்து ஒப்பிக்கவைப்பார், இல்லாவிட்டால் மாதம் இவ்வளவு என்று டியூஷன். வீட்டுப்பாடம் என்ற பெயரில் பள்ளி தன் வேலையை வீட்டுக்கு உள்குத்தகை விடுகிறது. குத்தகை எடுக்க வீட்டில் ஆள் இருந்தால் பிள்ளை தேறும். அம்மா விடியற்காலை பூ கட்டப் போய், பாத்திரம் தேய்க்க நாலு வீடு ஏறி இறங்கி, இரவில் திரும்புகிற வீட்டில்? அந்தக் குழந்தைக்குப் புரிய வேண்டியது அத்தனையும் வகுப்பறையிலேயே புரிந்தாக வேண்டும். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால்தான் பெல்லுக்கும் மாண்டிசோரிக்கும் விஜயகுமாருக்கும் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

வயிற்றுக்கும் இதே நியாயம்தான். மதராஸ் மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில், 1920 செப்டம்பரில், பக்கத்துப் பேட்டையான ஆயிரம் விளக்கின் மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். செலவு, குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகக் கூடாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்குக் கொள்ளுப்பாட்டி அதுதான். புதன்கிழமை பொங்கல் என்பதால் வருகைப் பதிவு திருப்தியாக இருந்தது என்று ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்.

புதன்கிழமைதான் எனக்குப் பிடித்த நாள். வகுப்பில் சந்தை. பழைய நாளிதழ் விரிப்பின்மேல் கத்தரிக்காய், வெண்டைக்காய், எலுமிச்சை, கீரைக் கட்டுகள். அட்டையில் வெட்டிய ரூபாய் நோட்டு. ஜாம் பஜார் கூப்பிடு தூரம். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு அதுதான் வீடு மாதிரி. மாலை நேரத்தில் பாட்டியின் கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள். கீரைக்காரரின் பேத்தியைக் கடைக்காரியாக்கினார்கள். கட்டு 15 ரூபாய் என்றாள். மூன்று கட்டுக் கேட்டு 100 ரூபாய்த் தாள் நீட்டியவனிடம், கண்ணைக் கூட மூடாமல், "அம்பத்தஞ்சு சில்லறை, இந்தா" என்றாள். "ஒரு கட்டு கொசுறு போடு" என்று அவன் பேரம் பேச, "போணி ஆவட்டும், அப்புறம் கேளு" என்று விரட்டினாள். கொத்துமல்லி இலவசமாகப் போனது.

பத்து நிமிடம் கழித்து அதே கணக்கு கரும்பலகையில் வந்தது. நூறிலிருந்து நாற்பத்தைந்தைக் கழி. அவள் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூஜ்யத்திலிருந்து ஐந்து போகாது, கடன் வாங்க வேண்டும். யாரிடம் கடன் வாங்குவது? பக்கத்திலும் பூஜ்யம். அவள் எழுதிய விடை 145.

இது ராயப்பேட்டையில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைச் சோதித்து, 2025-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கடையில் பல பொருள்களின் விலையைக் கூட்டிக் கழித்து நொடியில் சில்லறை கொடுக்கும் பிள்ளைகள், அதைவிட எளிய கணக்கைத் தாளில் கொடுத்தால் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ தாளில் போட்டார்கள், கடையில் திணறினார்கள். இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் பாலம் போட யாரும் இல்லை என்பதுதான் அதன் சாரம்.

ராயப்பேட்டை ஆசிரியை 145-ஐ அழிக்கவில்லை. "அவன் உனக்கு எவ்ளோ குடுத்தான்?" "நூறு." "நூறு குடுத்தவனுக்கு நூத்தி நாப்பத்தஞ்சு திருப்பிக் குடுத்தா?" "கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான் மிஸ்." வகுப்பே சிரித்தது, அவளும்தான். "சரி, நீ எப்படி அம்பத்தஞ்சுன்னு சொன்ன?" அவள் விரலை மடக்கிச் சொன்னாள்: நாற்பத்தைந்தோடு அஞ்சு போட்டா அம்பது, அம்பதோட அம்பது நூறு. ஆசிரியை அவள் வாயால் சொன்னதை அப்படியே எண்ணாக எழுதிக்கொண்டு போனார். பலகையில் இருந்தது இப்போது அவளுடைய கணக்கு. கடன் வாங்கும் முறையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அந்த விட்டுவிடுதலுக்குத் துணிச்சல் வேண்டும். ஏனென்றால் மறுநாள் வியாழக்கிழமை.

வியாழக்கிழமை கைபேசி நாள். வளரறி மதிப்பீட்டைச் செயலியில் பதிய வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் தொட்டு, கேள்வியைக் காட்டி, விடையைப் பதிந்து, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்து. அந்த நேரத்தில் மற்றவர்கள் எதையாவது பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். அன்று நோட்டுகள் நிறைந்தன. ஆசிரியர் சங்கங்கள் இந்தப் பதிவு வேலையைப் பற்றிப் புகார் சொல்லாத ஆண்டு இல்லை. 2023-இல் பி.எட். மாணவர்களை அனுப்பி வகுப்புகளை மதிப்பிட முயன்றபோது எதிர்ப்பு வலுத்தது. கணக்கெடுப்பே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தக் குழந்தை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அரசு திட்டம் போட முடியாது. ஆனால் அந்தக் கீரைக்காரப் பேத்தி செயலியில் 'கழித்தல்: தெரியவில்லை' என்றுதான் பதிவாவாள். அவள் 55 சொன்னதைப் பதிய அதில் கட்டம் இல்லை.

ஆள் கணக்கும் இருக்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டுபிடிப்பதன் வழியாகவும் கற்பிக்க வேண்டும் என்று தன் 29-வது பிரிவில் சொல்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை, அறுபது குழந்தைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பு, ஒருவர். மணல் தட்டும் தண்ணீர் வாளியும் மலிவு. கொட்டாங்கச்சிக்கு டெண்டர் தேவையில்லை. ஓரமாக உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், யார் எப்படி யோசிக்கிறார்கள் என்று கவனிக்கிற ஒரு பெரியவரின் நேரம்தான் விலை கூடியது. அதை எந்தத் திட்டமும் தன் பட்ஜெட்டில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர் சிலர் வந்தார்கள். குழந்தைகள் வாரம் முழுக்கச் செய்தவற்றைக் காட்டினார்கள்: காகிதப் பொம்மை, வானிலை அட்டவணை, இலை ஒட்டிய அட்டை. சொம்புக்காரியின் அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மகளின் பையைத் திறந்து நோட்டை எடுத்தார். பக்கத்துப் போர்ஷன் பையன் அதே வயது, இங்கிலீஷ் நர்சரி; அவன் நோட்டு மூன்று தீர்ந்துவிட்டதாம்.

"நோட்டு காலியா இருக்கே, மிஸ்" என்றார். குரலில் கோபம் இல்லை, கவலைதான். "டியூஷன் சேத்துடட்டுமா?"

"காசு இருந்தா பால் வாங்கிக் குடுங்க. டியூஷன் வேணாம்மா" என்றார் ஆசிரியை. "வீட்டுல அரிசி அளக்குறப்ப இவள அளக்கச் சொல்லுங்க. எத்தன பேருக்கு எத்தன டம்ளர்னு அவளே சொல்லட்டும். கூட்ட வேணாம், திட்ட வேணாம். அது போதும்."

அம்மா மகளைப் பார்த்தார். மகள் டம்ளர் கணக்கை இப்போதே மனதில் போடத் தொடங்கிவிட்டது முகத்தில் தெரிந்தது.

"நல்லா சொன்னீங்க போங்க. இவ அளந்து முடிச்சு நான் ஒல வெச்சா, காலைல வேணா சோறு துன்னலாம்."